எந்தப் புரதம் போகிறது? பரம்பரை வளர்சிதை நோய் உள்ள வீட்டுக்கு ஒரு சிறுநீர் வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பம். பிள்ளைக்கு ஒன்றரை வயது. எடை ஏறவில்லை, ராத்திரியெல்லாம் தண்ணீர் கேட்டு அழுகிறான், நாப்கின் மாற்றியே அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கிளினிக்கில் சிறுநீரில் நிறம் மாறும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 2 பிளஸ், புரதம் 1 பிளஸ். "நம்ம குடும்பத்துல யாருக்குத்தான் சுகர் இல்ல, பிள்ளைக்கும் வந்திருச்சு" என்று ஆயா அழுதுவிட்டார். டர்பனில் நம் வீடுகளில் சுகரும் பிரஷரும் அவ்வளவு சகஜம், அதனால் வேறு எதுவும் மனதில் வராது. ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.6 மில்லிமோல். ஒரு குறையும் இல்லாத அளவு.

ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலே சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது, கூடவே புரதமும் இறங்குகிறது என்றால், பார்க்க வேண்டிய இடம் கிட்னி. நான் டர்பனில் பல வருடம் ஆய்வக மேசையில் சிறுநீர்க் குப்பிகளோடு காலம் தள்ளியவன். "யூரின்ல புரோட்டீன் இருக்கு" என்று ஒரு வரியில் முடிந்துபோன எத்தனையோ ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி போதாது. எந்தப் புரதம் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கவும், வரும் பதிலைப் படிக்கவும்தான் இந்த வழிகாட்டி. பரம்பரை வளர்சிதை நோய் என்றால், உடம்புக்குள் நடக்கும் வேதி வேலைகளில் ஒன்று மரபணுப் பழுதால் பிறவியிலேயே தடைபடுவது.

முதலில், கிட்னி என்ன செய்கிறது

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஒரு முடிச்சு. அதைச் சல்லடை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவரின் சல்லடைகள் ஒரு நாளில் வடிக்கும் நீர் சுமார் 180 லிட்டர். கழிவாக வெளியே வருவதோ ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியைச் சல்லடைக்குக் கீழே இருக்கும் நுண்குழாய் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. சர்க்கரை, உப்புகள், பாஸ்பேட், அமினோ அமிலம் எல்லாம் அப்படித் திரும்புகின்றன. புரதமும் அப்படித்தான்.

அல்புமின் பெரிய புரதம். 66,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடை. நல்ல சல்லடை அதைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் (சுமார் 12,000), ரெட்டினால் பைண்டிங் புரோட்டீன் (சுமார் 21,000), ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் (சுமார் 27,000) ஆகியவை சிறுசுகள். சல்லடை நன்றாக இருந்தாலும் இவை கீழே விழும். விழுவதை நுண்குழாயின் சுவரில் மெகாலின், கியூபிலின் என்ற இரண்டு ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அல்புமின் நிறையப் போனால் சல்லடையைச் சந்தேகியுங்கள். சிறுசுகள் போனால் நுண்குழாயைச் சந்தேகியுங்கள். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

நல்ல கிட்னியும் கொஞ்சம் புரதம் விடும். பெரியவருக்கு ஒரு நாளில் 150 மில்லிகிராமுக்குள் இருக்கும், அதில் அல்புமின் 30க்குள். மிச்சத்தில் பெரும் பங்கு யூரோமோடுலின். இது ரத்தத்திலிருந்து கசிவதல்ல, கிட்னியே தயாரிப்பது. 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் அவர்கள் பெயராலேயே சொல்வார்கள்.

படி 1: எந்த நோய், எந்த இடம்

பரிசோதனை எழுதுவதற்கு முன்னால் நோய் கிட்னியின் எந்தப் பகுதியைத் தொடும் என்று தெரிந்திருந்தால், பாதி வேலை முடிந்தது.

ஃபேப்ரி நோய் சல்லடை நோய். ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி குறைவதால் ஜிபி3 என்ற கொழுப்பு செல்களுக்குள் சேர்கிறது. சல்லடையைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்கள் அதில் நிரம்பி, உதிர்ந்து, சிறுநீரிலேயே வருகின்றன. முதலில் அல்புமின் கொஞ்சமாகக் கசியும், பிறகு கூடும். சிறு வயதிலேயே கை கால் எரிச்சல், வேர்வை குறைவு, இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் இருந்த ஒருவருக்கு முப்பதில் புரதம் தென்பட்டால், "பிரஷரால்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. இந்த நோய்க்கு ஒரு அழகான அடையாளமும் உண்டு: சிறுநீர்ப் படிவை முனைவாக்கிய ஒளியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் சிலுவைபோல மினுங்கும். நான் அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், மறக்கவில்லை.

சிஸ்டினோசிஸ் நுண்குழாயில் தொடங்கும். சிஸ்டின் என்ற அமினோ அமிலம் செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமை விட்டு வெளியேற முடியாமல் படிகமாகிறது. 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் நுண்குழாய் தளர்ந்து சர்க்கரை, பாஸ்பேட், பைகார்பனேட், சிறு புரதங்கள் எல்லாம் வழிந்தோடும். இதற்கு ஃபான்கோனி நிலை என்று பெயர். பெயர் ஒத்திருக்கிறதே என்று சிஸ்டினூரியாவோடு குழப்ப வேண்டாம். அது கல் உண்டாக்கும் வேறு நோய். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளிடமும் கேப் பகுதிக் கலப்பினக் குழந்தைகளிடமும் சிஸ்டினோசிஸுக்கு ஒரே மரபணு மாற்றம் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. ஆகவே இது வெள்ளைக்காரர் நோய் என்ற பழைய பேச்சு செல்லாது.

பிறவிப் பழச்சர்க்கரை ஒவ்வாமையும் நுண்குழாயைத் தாக்கும். தாய்ப்பால் குடிக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. முதல் பாயசம், முதல் பழக்கூழ், சர்க்கரை போட்ட கஞ்சி என்று ஆரம்பித்ததும் வாந்தி, சோர்வு, ரத்தச் சர்க்கரை வீழ்ச்சி. கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேறி வந்தவர்களின் வம்சம் நாம். இனிப்பே பிள்ளைக்கு ஆகாது என்றால் ஆயாக்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் காலத்தோடு கண்டுபிடித்து, சர்க்கரையையும் பழச்சர்க்கரையையும் நிறுத்தினால் நுண்குழாய் தேறிவிடும்.

கிளைகோஜன் சேமிப்பு நோயின் முதல் வகை (சேமித்த சர்க்கரையை உடம்பால் ரத்தத்துக்கு விட முடியாத நோய்), மீத்தைல்மலோனிக் அமில நோய் (சாப்பாட்டுப் புரதத்தின் சில பகுதிகளைச் சிதைக்க முடியாமல் ஒரு அமிலம் சேரும் நோய்) இரண்டும் தனி ரகம். அவற்றில் புரதம் ஏமாற்றும். கீழே சொல்கிறேன்.

படி 2: சிறுநீர் பிடிப்பது

ரிப்போர்ட்டில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் குப்பியிலேயே தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். அது அடர்த்தியாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வளரும் பிள்ளைகளில் சிலருக்குப் பகலில் நின்று நடமாடும்போது மட்டும் புரதம் வரும், படுத்து எழுந்தால் இருக்காது. அதில் கெடுதல் இல்லை. மத்தியானச் சிறுநீரை வைத்து அந்தப் பிள்ளைக்கு நோய் என்று எழுதிவிடுவார்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் ஓட்டம், ஃபுட்பால் மேட்ச் என்று ஏதாவது இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வெயிலில் நடந்த மறுநாளும் வேண்டாம்.

கைக்குழந்தைக்கு ஒட்டுப்பை உண்டு, ஆனால் அது கழன்றுகொள்ளும். அடிவயிற்றில் குளிர்ந்த ஈரத்துணியால் மெல்லத் தேய்த்துக்கொண்டே குப்பியோடு காத்திருந்தால் பல குழந்தைகள் சில நிமிடத்தில் போய்விடும். பொறுமை வேண்டும், மாற்றுச்சட்டையும் வேண்டும்.

பிடித்ததை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். ஜனவரி மாதம் டர்பனில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த குப்பி சமைத்த குப்பிதான். வீட்டு ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள். மைனஸ் 20இல் அல்புமின் படிந்து அளவு குறைவாகக் காட்டலாம்.

படி 3: பட்டையை எவ்வளவு நம்பலாம்

டிப்ஸ்டிக் பட்டையில் புரதத்துக்கான கட்டம் பச்சையாக மாறும். 1 பிளஸ் என்றால் லிட்டருக்கு சுமார் 0.3 கிராம், 2 பிளஸ் 1 கிராம், 3 பிளஸ் 3 கிராம். மலிவு, வேகம், கிளினிக்கிலேயே பார்க்கலாம். ஆனால் அந்தக் கட்டம் முக்கியமாக அல்புமினைத்தான் பார்க்கும். சிறுசுகள் எவ்வளவு போனாலும் அதற்குச் சரியாகத் தெரியாது. நுண்குழாய் நோயுள்ள பிள்ளைக்குப் பட்டை "ஒன்றுமில்லை" அல்லது "1 பிளஸ்" என்று மழுப்பும்.

தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் குறைத்துக் காட்டும். சிறுநீர் காரமாக இருந்தால், அதாவது பிஹெச் 8ஐத் தொட்டால், இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டும். பரம்பரை வளர்சிதை நோய்ப் பிள்ளைகளில் பலர் பைகார்பனேட் அல்லது சிட்ரேட் மருந்து குடிப்பவர்கள்; அவர்கள் சிறுநீர் காரமாகத்தான் இருக்கும். அதனால் பட்டையில் பிஹெச் கட்டத்தைப் பார்க்காமல் புரதக் கட்டத்தைப் படிக்காதீர்கள்.

எங்கள் காலத்தில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்போம். அது எல்லாப் புரதத்தையும் காட்டும். பட்டை வெறுமை, அமிலத்தில் கலங்கல் என்றால் அல்புமின் அல்லாத ஏதோ போகிறது என்று அர்த்தம். இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை. எனக்கு வருத்தம்தான், ஐந்து நிமிட வேலை.

படி 4: இரண்டு விகிதங்களைச் சேர்த்துக் கேளுங்கள்

24 மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பது பெரியவர்களுக்கே சிரமம். ஆகவே ஒரு குப்பியிலேயே புரதத்தையும் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவையும் அளந்து, புரதத்தைக் கிரியேட்டினினால் வகுக்கிறார்கள்; அல்புமினுக்கும் அப்படியே. நம் நாட்டு ரிப்போர்ட்டுகளில் இது ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். அமெரிக்கக் கணக்கில் ஒரு கிராமுக்கு என்று வரும். நம்முடையதை 8.84ஆல் பெருக்கினால் அவர்களுடையது கிடைக்கும். இணையத்தில் படித்துவிட்டு இந்த அலகு மாறுவதால் பயந்துபோகிறவர்கள் நிறைய.

அல்புமின் விகிதம் 3க்குக் கீழே இருந்தால் சரி. 3 முதல் 30 வரை மிதமான ஏற்றம், 30க்கு மேல் கடுமை. மொத்தப் புரத விகிதம் பெரியவருக்கு 15க்குள் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இயல்பிலேயே கூடுதல்: 2 வயதுக்குக் கீழே சுமார் 57 வரை, அதற்கு மேல் சுமார் 23 வரை.

டாக்டர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் எழுதுவார்கள். இரண்டையும் ஒரே குப்பியில் கேளுங்கள். பிறகு அல்புமினை மொத்தப் புரதத்தால் வகுங்கள். 0.4க்குக் கீழே வந்தால் நுண்குழாய்ப் பக்கம் சாய்கிறது.

நம் சாட்ஸ்வொர்த் பிள்ளைக்கு மொத்தப் புரதம் 210, அல்புமின் 32. வகுத்தால் 0.15. அல்புமின் 32 என்பதைத் தனியாகப் பார்த்தால் சல்லடை கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் சல்லடையில் கசியும் சொற்ப அல்புமினையும் மீட்பது நுண்குழாய்தான். அது படுத்துவிட்டால் அல்புமினும் ஓரளவு ஏறும். அந்த 0.15தான் ஃபான்கோனி நிலையை நோக்கிக் கைகாட்டியது. அதன் பிறகு வெள்ளணுக்களில் சிஸ்டின் அளவு பார்த்தார்கள், கண் டாக்டர் விளக்கு வைத்துக் கருவிழியில் படிகங்களைப் பார்த்தார். சிஸ்டினோசிஸ்தான்.

இந்த விகிதத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த, தசை இல்லாத பிள்ளைக்குக் கிரியேட்டினின் குறைவு, ஆகவே விகிதம் ஊதிப் பெரிதாகத் தெரியும். ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள்.

படி 5: சிறுசுகளைப் பெயர் சொல்லிக் கேட்பது

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பிரபலமானது, ஆனால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை குறைவு. சிறுநீர் அமிலமாக, பிஹெச் 6க்குக் கீழே இருந்தால் அது சிறுநீர்ப்பையிலேயே சிதைந்துவிடும். ஒருமுறை, எந்த ஆய்வகம் என்று சொல்ல மாட்டேன், காரம் சேர்க்காமல் அளந்து "இயல்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் நிம்மதியாக எட்டு மாதம் சும்மா இருந்தது. அளந்தவர்களில் நானும் ஒருவன். அதிலிருந்து ரெட்டினால் பைண்டிங் புரோட்டீனையோ ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலினையோ கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அவை அமிலத்தில் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை.

கூடவே அதே குப்பியில் சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலங்களையும் பார்த்தால் படம் முழுமையாகும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் வளர்சிதை நோய்ச் சோதனை செய்யும் தேசியத் திட்டம் இல்லை. சந்தேகம் வந்த பிறகுதான் தேட வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் மாதிரி தேசிய சுகாதார ஆய்வகச் சேவை வழியாகப் போகும். பாட்செஃப்ஸ்ட்ரூமில் நார்த்-வெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இந்த நோய்களுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. டர்பனிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். உறைந்த நிலையில் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட்னியைக் கெடுக்காத புரதமும் உண்டு. கியூபிலின் குடலில் வைட்டமின் பி12ஐயும் வாங்கித் தருகிறது. பிறவியிலேயே அது பழுதானால் பி12 குறைந்து ரத்தசோகை வரும், சிறுநீரில் அல்புமினும் வரும். பி12 ஊசி போட்டால் ரத்தம் தேறிவிடும், புரதம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும், பல வருடம் ஆனாலும் கிட்னிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்டவருக்குத் தேவையில்லாமல் கிட்னி பயாப்சியும் ஸ்டீராய்டும் கொடுத்த கதைகள் உண்டு.

படி 6: புரதம் வாயே திறக்காத நோய்கள்

மீத்தைல்மலோனிக் அமில நோயில் கிட்னி கெடுவது நுண்குழாய்களுக்கு இடையிலுள்ள திசுவில். சிறுநீரில் புரதம் அதிகம் வராமலே வருடக்கணக்கில் செயல்திறன் இறங்கும். ரத்தக் கிரியேட்டினினும் கைகொடுக்காது, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தசை குறைவு. எண் நன்றாகத் தெரியும், கிட்னி நன்றாக இருக்காது. இங்கே கேட்க வேண்டியது சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை. அது தசையை அவ்வளவு சார்ந்ததல்ல.

கிளைகோஜன் நோயின் முதல் வகையில் ஆரம்ப வருடங்களில் கிட்னி அளவுக்கு மீறி வடிகட்டும். ரிப்போர்ட்டில் பிரமாதமான கிட்னி என்று வரும். அது நல்ல சேதி இல்லை. பின்னால் மெல்ல அல்புமின் கசியத் தொடங்கும், அதற்குப் பிறகுதான் மொத்தப் புரதம். அதனால் வருடாவருடம் அல்புமின் விகிதம் பார்ப்பதை விடக் கூடாது. இந்த நோய்க்கு 1984 முதல் பச்சைச் சோளமாவுதான் பெரிய துணை. நம் கடைகளில் கிடைக்கும் மைசீனாவைச் சமைக்காமல், தண்ணீரில் கரைத்து, டயட்டீஷியன் சொன்ன அளவில், நேரம் தப்பாமல் கொடுப்பார்கள். காய்ச்சிக் கஞ்சியாக்கிவிட்டால் மெதுவாகச் செரிக்கும் குணம் போய்விடும். சர்க்கரையும் லாக்டேட்டும் கட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கிட்னியும் தாமதமாகத்தான் தொல்லை தரும்.

படி 7: ஒரு நோட்டுப் போடுங்கள்

தேதி, அல்புமின் விகிதம், மொத்தப் புரத விகிதம், வகுத்த எண், பிஹெச், அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து. இவ்வளவு போதும். டாக்டர் மாறுவார், ஃபைல் தொலையும், நோட்டு உங்களிடம் இருக்கும்.

அல்புமின் ஏறினால் எனலாப்ரில், லோசார்டன் போன்ற மருந்து எழுதுவார்கள். அது பிரஷருக்கு மட்டுமல்ல, சல்லடையின் அழுத்தத்தைக் குறைக்கவும்தான். பிரஷர் சரியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். வாந்தி பேதியில் உடம்பு வற்றும்போது மட்டும் டாக்டரிடம் கேட்டு இடைநிறுத்த வேண்டியிருக்கும். கர்ப்பத்தில் ஆகாது. கை கால் வலிக்கு இப்யூப்ரோஃபெனைத் தினமும் விழுங்கும் ஃபேப்ரிக்காரர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சிஸ்டினோசிஸில் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். செல்லில் சேர்ந்த சிஸ்டினை வெளியேற்றும் சிஸ்டியமைன் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தாலும் சிறு புரதங்கள் போவது நிற்காது. "மருந்து வேலை செய்யல" என்று மனம் உடைய வேண்டாம். மருந்தின் வேலையை அளப்பது வெள்ளணுக்களின் சிஸ்டின் அளவு. மருந்து இல்லாவிட்டால் 10 வயதை ஒட்டிக் கிட்னி செயலிழக்கும். மருந்து அதைப் பல வருடம் தள்ளிப்போடுகிறது. சாதாரண வகையை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், ராத்திரியும் எழுப்பித்தான். நாற்றமும் அடிக்கும். சாட்ஸ்வொர்த் பிள்ளையின் அம்மா இரண்டு அலாரம் வைத்திருக்கிறார்.

புரதம் போகிறதாமே என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்துவதும் வேண்டாம், கூடுதலாக ஊட்டுவதும் வேண்டாம். மீத்தைல்மலோனிக் நோயில் சாப்பாட்டில் புரதத்தைக் குறைப்பது வேறு காரணத்துக்கு. அதையும் டயட்டீஷியன் கணக்குப் போட்டுத்தான் சொல்வார்.

படி 8: ஆராய்ச்சிக்கென்று கேட்டால்

இப்போது மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரே சிறுநீரில் நூற்றுக்கணக்கான புரதங்களையும் அவற்றின் துண்டுகளையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். நாள்பட்ட கிட்னி நோய்க்கு 273 துண்டுகளைச் சேர்த்து ஒரு கையெழுத்துபோல உருவாக்கியிருக்கிறார்கள். அதில் பெரும்பாலானவை கொலாஜன் என்ற, தழும்பில் சேரும் புரதத்தின் துண்டுகள். அல்புமின் ஏறுவதற்கு முன்பே தழும்பு விழுவதைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை. பரம்பரை நோய்களில் ஆட்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு குப்பியும் முக்கியம். கேட்டால் கொடுங்கள். ஆனால் உடனே மைனஸ் 80இல் போகிறதா, எத்தனை முறை உருக்கி உறைய வைப்பார்கள், யூரோமோடுலினை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். பசைபோன்ற அந்த யூரோமோடுலின் மற்ற புரதங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு படியும். பதில் தெரியாமல் விழிப்பவரிடம் கொடுக்கும் மாதிரி வீண்.

வீட்டில் வேறு யார் குப்பி கொடுக்க வேண்டும்

சிஸ்டினோசிஸ், கிளைகோஜன் நோய், பழச்சர்க்கரை ஒவ்வாமை, மீத்தைல்மலோனிக் நோய் இவற்றுக்கெல்லாம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளை பிறந்த முதல் வாரமே சோதிக்கத்தான்.

ஃபேப்ரி வேறு கணக்கு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நோயுள்ள அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, எல்லா மகள்களுக்கும் போகும். பெண்கள் சுமப்பவர்கள் மட்டும்தான் என்று முன்பு எழுதினார்கள், ஆனால் அவர்களுக்கும் கிட்னியும் இதயமும் கெடலாம். பெண்களுக்கு ரத்தத்தில் நொதி அளவு இயல்பாகவே இருக்கக்கூடும், அதனால் மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். நாற்பது வயது அண்ணனுக்கு ஃபேப்ரி என்று தெரிந்தால் அவருடைய மகள்களையும், அவருடைய அம்மாவையும், அம்மாவின் சகோதர சகோதரிகளையும், அக்கா தங்கைகளையும் கூப்பிடுங்கள். மரபணுச் சோதனைக்குத் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். காலைச் சிறுநீரில் அல்புமின் விகிதம் பார்க்க நாளைக்கே ஒரு குப்பி போதும்.